உபுண்டு 20.04 சேர்வரில் கேர்னலை மட்டும் ஏற்றலாமா? (மல்லாவி, பக்கத்தில் ஆள் இல்லை)

மல்லாவி_நிலையம்:

எல்லோருக்கும் வணக்கம். மல்லாவிப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தின் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். சேர்வர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், சாதாரண டவர் கணினிதான். உபுண்டு 20.04 என்ற லினக்ஸ், அதன் மையமான கேர்னல் 5.4. மூடில் என்ற பாடத் தளமும் அதன் தரவுத்தளமான மரியாடிபியும் ஓடுகின்றன. சாதாரண தர, உயர்தரப் பிள்ளைகள் பின்னேரங்களில் வந்து வைஃபையில் கடந்தகால வினாத்தாள்கள் செய்வார்கள்.

போன கிழமை மழையில் ரெலிபோன் லைனால் மின்னல் இறங்கி ரவுட்டர் போய்விட்டது. லான் வயர் வழியாக வந்து மதர்போர்டில் இருந்த போர்ட்டையும் தின்றுவிட்டது. டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே எட்டுக் கம்பிகளில் இரண்டு கறுத்து, பக்கத்துப் பிளாஸ்டிக் உருகிக் கிடக்கிறது. மற்றதெல்லாம் தப்பிவிட்டது.

வவுனியாவில் புது நெட்வேர்க் கார்ட் வாங்கிக் கொழுவினேன். ரியல்டெக் 8125பி, 2.5 கிகாபிட். எல்எஸ்பிசிஐ (வன்பொருள் பட்டியல்) அடித்தால் கார்ட் தெரிகிறது, ஐபி லிங்க்கில் (நெட்வேர்க் பட்டியல்) வரவில்லை. கேர்னலின் பதிவான டிமெசெக்கில் "அடையாளம் தெரியாத சிப், எக்ஸ்ஐடி 641" என்ற பொருளில் ஒரு வரி. இப்போதைக்கு ஒருவரிடம் இரவல் வாங்கிய யுஎஸ்பி லானில் ஓடுகிறது.

நான் இருப்பது வவுனியாவில். நிலையத்தில் இருப்பவர் நூலகப் பொறுப்பாளர் மட்டும். அவருக்கு சுவிட்சைப் போடத் தெரியும், அவ்வளவுதான். கேர்னலை மட்டும் மாற்றுவதா, முழுதாக 22.04க்குப் போவதா, ரியல்டெக் தளத்தில் இருக்கும் டிரைவரைப் போடுவதா?

(போனில் தமிழ்க் கீபோர்ட் மட்டும்தான். கட்டளைகளையும் தமிழிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

---

கிழவன்_ஒட்டுசுட்டான்:

ஓடுவதைத் தொடாதே தம்பி. யுஎஸ்பி லான் வேலை செய்கிறதுதானே. இரவல் கொடுத்தவருக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இரு.

---

அறிவியல்நகர்_அக்கா:

641 என்றால் 8125 இன் 'பி' பதிப்பு. 8125 இன் முதல் பதிப்புக்கு 5.4 இலேயே ஆதரவு வந்துவிட்டது. 'பி' பதிப்புக்கு 5.9 இல்தான் வந்தது. அதனால்தான் டிரைவர் கார்டைப் பிடிக்கிறது, பிடித்துவிட்டு இது யாரென்று தெரியவில்லை என்று கைவிடுகிறது. கார்டில் பிழை இல்லை, கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

20.04க்கே எச்டபிள்யூஈ கேர்னல் இருக்கிறது. 22.04 இன் 5.15 கேர்னலை 20.04க்குக் கொண்டுவந்து தருவதுதான் அது. லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஈ-20.04 என்ற பொதியை அப்டில் (உபுண்டுவின் பொதி நிறுவி) நிறுவினால் போதும். அதற்கு மேல் எதையும் மாற்ற வேண்டாம்.

ரியல்டெக்கின் சொந்த டிரைவரை நான் போடமாட்டேன். அது டிகேஎம்எஸ் என்ற கட்டும் கருவி வழியாக ஒவ்வொரு கேர்னல் ஏற்றத்தின்போதும் புதிதாகக் கட்டப்பட வேண்டும். ஒரு தடவை ஹெடர் பொதி வராமல் போனால் அடுத்த பூட்டில் நெட்வேர்க் இல்லை. எங்கள் ஆய்வுகூடம் என்றால் எழுந்துபோய் மொனிட்டரைக் கொழுவிப் பார்ப்பேன். உங்களுக்கு அது மாங்குளம் சுற்றிப் போகிற பயணம்.

---

மல்லாவி_நிலையம்:

நன்றி அக்கா. கேர்னல் மாறினால் மூடில், மரியாடிபி எல்லாம் ஏதாவது ஆகுமா? அதுதான் பயம்.

---

அறிவியல்நகர்_அக்கா:

ஆகாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பயனர் நிரல்களை உடைக்கக்கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாக நிற்பவர். அதை மீறிய டெவலப்பர்கள் அவரிடம் பகிரங்கமாகவே ஏச்சு வாங்கியிருக்கிறார்கள். மூடிலுக்குக் கீழே பிஎச்பி இருக்கிறது, அதற்குக் கீழே சி லைப்ரரி. அந்த இரண்டும் அசையாமல் இருக்க, அடியில் 5.4 போய் 5.15 வந்தது மூடிலுக்குத் தெரியப்போவதில்லை.

22.04க்கு முழுதாகப் போவதுதான் மூடிலைப் பாதிக்கும். 20.04 இல் பிஎச்பி 7.4, 22.04 இல் 8.1. பழைய மூடில் 3 வரிசை 8.1ஐத் தாங்காது. மூடில் 4.1 ஆவது வேண்டும். அதைப் பிறகு தனியாகச் செய்யுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால், எது உடைத்தது என்று தேடியே நாள் போய்விடும்.

---

கறுப்புத்திரை:

கேர்னல் டொட் ஓர்கில் போய்ப் புதியதை இறக்கி நாங்களே கொம்பைல் பண்ணினால் என்ன? தேவையில்லாத டிரைவர்களை எல்லாம் வெட்டிவிட்டால் வேகமும் கூடும். நான் என் லப்டொப்பில் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

---

ஏ9_பயணி:

உன் லப்டொப்பில் நீ இருக்கிறாய் தம்பி. மல்லாவியில் யார் இருக்கிறார்கள்?

சொந்தமாகக் கட்டிய கேர்னலுக்கு அப்ட் பாதுகாப்புத் திருத்தம் கொண்டுவராது. ஓட்டை ஒன்று வெளியே வரும்போதெல்லாம் நீயே இறக்கி, நீயே கட்டி, நீயே நிறுவ வேண்டும். மூன்றாம் மாதம் அலுத்துவிடும். உபுண்டு தளத்தில் 'மெயின்லைன்' என்று கிடக்கும் பொதிகளும் அப்படித்தான். அவை சோதித்துப் பார்ப்பதற்கானவை, அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தம் கிடையாது. வேகம் கூடும் என்பதையும் நம்பாதே. பயன்படாத டிரைவர் டிஸ்க்கில் மொடியூலாகத்தான் படுத்திருக்கிறது, சிபியூவைத் தின்பதில்லை.

கற்றுக்கொள்வதற்குக் கொம்பைல் பண்ணு, நல்ல விஷயம். பிள்ளைகள் பாவிக்கிற சேர்வருக்கு வேண்டாம்.

---

நெடுங்கேணி_நெட்:

நான் கிழவன் ஐயா பக்கம். உள்ளூர் வைஃபையில் வினாத்தாள் காட்டுகிற பெட்டிக்கு என்ன ஆபத்து வந்துவிடப்போகிறது?

---

அறிவியல்நகர்_அக்கா:

20.04க்கான பொது ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு உபுண்டு புரோவில் இணைத்தால்தான் திருத்தங்கள் வரும். தனிப்பட்ட பாவனைக்கு 5 கணினி வரை இலவசம்.

ஆபத்து என்ன என்று கேட்டால், 2024 இல் பேசப்பட்ட நெட்ஃபில்டர் (கேர்னலின் பயர்வோல் பகுதி) ஓட்டையைப் பாருங்கள் (2024-1086 என்ற எண்). கணினிக்குள் சாதாரணப் பயனராக நுழைந்த ஒருவர் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆகிவிடலாம். 5.4 வரிசையும் அதில் அடக்கம். மூடிலில் ஓட்டை இருந்தால் வெப் சேர்வரின் பயனராக உள்ளே வரலாம், கேர்னலில் ஓட்டை இருந்தால் அங்கிருந்து ரூட். வருகிற பிள்ளைகளில் கெட்டிக்காரப் பெடியன் ஒருவன் இருந்தாலே போதும்.

---

கிழவன்_ஒட்டுசுட்டான்:

பிள்ளை சொல்வது சரி. ஆனால் 2022 இல் வந்த 'டேர்ட்டி பைப்' ஓட்டை 5.8 முதல் வந்த கேர்னல்களில்தான். 5.4 வைத்திருந்தவர்கள் நிம்மதியாகப் படுத்தார்கள். புதிது என்றாலே பாதுகாப்பு என்று நினைக்கக்கூடாது. அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

---

ஏ9_பயணி:

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 'தொடாதே' என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கிளிநொச்சியிலிருந்து வவுனியா வரை ஏழெட்டு இடங்களில் இப்படியான பெட்டிகளைப் பார்க்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே கதைதான். உபுண்டு தானாகவே பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவிக்கொள்ளும், கேர்னலையும் சேர்த்து. ஆனால் தானாக ரீபூட் பண்ணாது, அதைத் தனியாக அமைத்தால்தான் பண்ணும். ஆக, டிஸ்க்கில் புதுக் கேர்னல் வந்து உட்கார்ந்திருக்கும், ஓடிக்கொண்டிருப்பது பழையதாக இருக்கும். யூநேம் அடித்து ஒன்றைப் பார்ப்பீர்கள், பூட் பகிர்வைத் திறந்தால் வேறொன்று இருக்கும். மாதக்கணக்காக அப்படியே ஓடும். 'என் சேர்வர் ஒரு நாளும் விழுந்ததில்லை' என்று சொல்லிக்கொண்டு திரிவோம்.

பிறகு ஒரு நாள் நடு இரவில் கரண்ட் போகும். யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும், பிறகு படுத்துவிடும். விடிய கரண்ட் வரும்போது பெட்டி எழும்பும். எந்தக் கேர்னலில்? இதுவரை ஒருவரும் பூட் பண்ணிப் பார்க்காத புதுக் கேர்னலில். அது எழும்பாவிட்டால் அன்றைக்குத்தான் உங்களுக்குத் தெரியவரும். அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை இருக்கும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது இப்படி விழுந்த பெட்டிகள் பல. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை பாணந்துறையில் குரங்கு ஒன்று உபமின்நிலையத்தில் ஏறியதால் என்று சொல்லி முழு நாட்டுக்கும் கரண்ட் போனது. பாணந்துறைக் குரங்குக்கும் மல்லாவிச் சேர்வருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கத்தில் சேர்வர் எப்போது ரீபூட் ஆக வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. அதனால்தான் கேர்னல் நிறுவினால் அன்றே, பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போதே பூட் பண்ணிப் பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

சரி, மல்லாவிக்கு எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் டிஎப் அடித்துப் பூட் பகிர்வில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நிறைந்திருந்தால் இனிட்ராம்எப்எஸ் (பூட்டின் தொடக்கக் கோப்பு) பாதியில் நின்றுவிடும். பழைய கேர்னல்களை அப்ட் ஓட்டோரிமூவ் எடுத்துவிடும். இப்போது ஓடுகிற 5.4ஐ மட்டும் கையாலும் தொடாதீர்கள். விதைநெல்லைக் கோர்க்காலியில் கட்டிவைத்துவிட்டுத்தான் எங்கள் ஆக்கள் புது இனம் விதைப்பார்கள், அந்த மாதிரி அது கிடக்கட்டும்.

பிறகு கிரப் (எந்தக் கேர்னலை எழுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் பூட் நிரல்) அமைப்பில் டிபோல்ட்டை 'சேவ்ட்' என்று மாற்றுங்கள். அப்டேட்-கிரப் ஓட்டுங்கள். கிரப்-செட்-டிபோல்ட் கட்டளையால் 5.4ஐ நிரந்தரமாகக் குறியுங்கள். 5.15ஐ நிறுவிய பிறகு கிரப்-ரீபூட் கட்டளையால் அதை ஒரே ஒரு தடவைக்கு மட்டும் குறியுங்கள். இப்போது ரீபூட் அடித்தால் 5.15 வரும். அது சொதப்பினால் அடுத்த ரீபூட்டில் கிரப் தானாகவே 5.4க்குத் திரும்பிவிடும். நூலகப் பொறுப்பாளர் சுவிட்சை நிறுத்திப் போட்டாலே காணும்.

இரண்டு இடத்தில் கவனம். மெனுவில் 'ஒன்றுக்குள் இரண்டு' என்று எண்ணால் குறிக்காதீர்கள். புதுக் கேர்னல் வந்ததும் வரிசை மாறிவிடும். கிரப் கோப்பில் உள்ள அடையாளப் பெயரால் குறியுங்கள். அடுத்தது, பூட் அடைவு எல்விஎம்மிலோ (பகிர்வுகளை மேலாளும் அடுக்கு) சொஃப்ட்வெயர் ரெயிட்டிலோ (பல டிஸ்க்குகளை ஒன்றாக்குவது) இருந்தால் இந்த வித்தை பலிக்காது. கிரப்பால் அங்கே எழுத முடியாது. 'ஒரு தடவை' என்ற குறிப்பு அழியாமல் ஒவ்வொரு முறையும் புதியதையே பூட் பண்ணும்.

---

மல்லாவி_நிலையம்:

ஏ9 அண்ணை, மிகவும் நன்றி. பூட் தனிப் பகிர்வு, இஎக்ஸ்டி4. ரூட் பகிர்வுதான் எல்விஎம். பலிக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு சந்தேகம். கேர்னல் பாதியில் நின்றுவிட்டால் பொறுப்பாளருக்கு எப்படித் தெரியும்? மொனிட்டர் இல்லையே.

---

அறிவியல்நகர்_அக்கா:

அதற்கு கேர்னல் வரியில் 'பானிக்=30' என்று சேர்த்துவிடுங்கள். கேர்னல் பானிக் ஆனால் (மீள முடியாத பிழையில் நின்றால்) 30 விநாடியில் தானே ரீபூட் ஆகும்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. டெபியன், உபுண்டு இரண்டிலும் ரூட் டிஸ்க் கிடைக்காவிட்டால் பானிக் வராது. பிஸிபொக்ஸ் ஷெல் என்ற கட்டளைத் திரை ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு யாராவது வந்து தட்டச்சு செய்வார்கள் என்று நாள் முழுக்கக் காத்திருக்கும். 'பானிக்' என்ற அளவுரு இருந்தால் அந்த ஷெல்லைத் திறக்காமல் ரீபூட் பண்ணிவிடும். ஏ9 அண்ணையின் ஒரு தடவைக் குறியோடு இது நன்றாகப் பொருந்தும்.

கேர்னல் நன்றாக எழும்பி நெட்வேர்க் மட்டும் வராவிட்டால் இது உதவாது. அதற்குச் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போடலாம். பூட் ஆகிப் பத்து நிமிடத்தில் ரவுட்டரைப் பிங் பண்ணிப் பார்க்கும், பதில் இல்லாவிட்டால் ரீபூட்.

---

புதுக்குடியிருப்பான்:

அக்கா, அந்த ஸ்கிரிப்டை வேலை முடிந்ததும் கட்டாயம் எடுத்துவிடச் சொல்லுங்கள். சேர்வர் யுபிஎஸ்சில் இருக்கும், ரவுட்டர் சுவரில் கொழுவியிருக்கும். கரண்ட் போய் ரவுட்டர் படுத்திருக்கிற நேரத்தில் சேர்வர் எழும்பினால், ரவுட்டர் இல்லை, ரீபூட், ரவுட்டர் இல்லை, ரீபூட் என்று பற்றரி தீரும் வரை ஆடும். நடுவில் மரியாடிபி எழுதிக்கொண்டிருந்தால் இன்னும் விசேஷம்.

அதோடு, பயோஸில் 'கரண்ட் வந்ததும் தானாக இயங்கு' என்ற அமைப்பு போட்டிருக்கிறதா?

---

மல்லாவி_நிலையம்:

பயோஸ் அமைப்பு இருக்கிறது. ஸ்கிரிப்ட் விஷயம் நல்ல நேரத்தில் சொன்னீர்கள். ரவுட்டர் சுவரில்தான்.

---

நெடுங்கேணி_நெட்:

நெட்பிளானைப் (நெட்வேர்க் அமைப்புக் கோப்பு) பார்த்தீர்களா? எரிந்துபோன போர்ட்டின் பெயர் ஈஎன்ஓ1 மாதிரி இருந்திருக்கும். புதுக் கார்ட் ஈஎன்பி3எஸ்0 மாதிரி ஒரு பெயரில் வரும். கோப்பில் பழைய பெயர் இருந்தால் கேர்னல் கார்டைப் பிடித்தாலும் ஐபி கிடைக்காது. அதோடு, வராத போர்ட்டுக்காக, பூட்டை நடத்தும் சிஸ்டம்டி இரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் மேலே போகும். பெயரால் எழுதாமல் மெக் முகவரியால் பொருத்தி எழுதுங்கள். மெக் கார்டின் பெட்டியிலேயே ஒட்டியிருக்கும்.

(நான் இன்னும் 'தொடாதே' கட்சிதான். தொடுவதென்றால் ஒழுங்காகத் தொடுங்கள்.)

---

ஏ9_பயணி:

நெட் சொன்னது முக்கியம். யுஎஸ்பி லானையும் நெட்பிளானில் விட்டுவைத்து, கழற்றாமல் முதல் பூட்டைச் செய்யுங்கள். புதுக் கார்ட் வராவிட்டாலும் அந்த வழியாகத் தொலைவிலிருந்தே எஸ்எஸ்எச்சில் உள்ளே போகலாம்.

---

மல்லாவி_நிலையம்:

முடிந்தது. ஆர்வமுள்ளவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை, பிள்ளைகள் வருவதற்கு முன் போனேன். தரவுத்தளத்தை டம்ப் எடுத்து வெளி டிஸ்க்கில் போட்டேன். பூட் பகிர்வு முக்கால்வாசி நிறைந்திருந்தது, ஓட்டோரிமூவ் பண்ணியதும் நன்றாக இறங்கியது. 5.15 நிறுவும்போது ரியல்டெக் ஃபேர்ம்வெயர் பற்றி எச்சரிக்கை ஏதாவது வருமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. 'சேவ்ட்', 'பானிக்', ஒரு தடவைக் குறி எல்லாம் சொன்னபடியே.

ரீபூட் அடித்ததும் இரவல் மொனிட்டரில் கிரப் மெனு வந்து 30 விநாடி எண்ணத் தொடங்கியது. நெஞ்சு திக் என்றது. பிறகு யோசித்தால், முந்தைய பூட் சரியாக முடிந்ததாகப் பதியப்படவில்லைப் போல. அப்படியிருந்தால் உபுண்டு அடுத்த முறை மெனுவைக் காட்டிக்கொண்டு கொஞ்சம் காத்திருக்குமாம். எண்ணி முடிந்ததும் 5.15 எழும்பியது. கார்டின் பச்சை விளக்கு நான் உள்நுழைவதற்கு முன்பே மினுங்கத் தொடங்கிவிட்டது. ஐபி லிங்க்கில் ஈஎன்பி3எஸ்0 இருக்கிறது. மூடில் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுகிறது. வயர் பழையது, ரவுட்டரும் ஒரு கிகாபிட்தான், ஆகவே 2.5 பற்றிக் கேட்காதீர்கள்.

பிறகு ஏ9 அண்ணை சொன்ன கரண்ட் கதையை நினைத்து, சேர்வரை முறைப்படி நிறுத்தி, யுபிஎஸ்சின் வயரைச் சுவரிலிருந்து கழற்றி, பற்றரி தீர்ந்து படுக்கும் வரை பார்த்திருந்து, திரும்பக் கொழுவினேன். பொறுப்பாளர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பெட்டி தானாகவே எழும்பியது, ஆனால் 5.4 இல். ஒரு தடவைக் குறி முதல் பூட்டிலேயே தீர்ந்துவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆக, திரும்பிப் போகும் வழியும் வேலை செய்கிறது.

இப்போது என்ன செய்வது? 5.15ஐ நிரந்தரமாகக் குறித்துவிடவா?

---

ஏ9_பயணி:

குறிக்காதே தம்பி. ஒரு பதிப்பை அடையாளப் பெயரால் குறித்துவிட்டால், பிறகு எத்தனை புதுக் கேர்னல் வந்தாலும் அதே பழைய 5.15தான் பூட் ஆகும். திருத்தம் நிறுவப்பட்டிருக்கும், ஓடாது. டிபோல்ட்டைத் திரும்ப '0' ஆக்கி அப்டேட்-கிரப் ஓட்டு. 5.15 மேலே இருக்கும், எப்போதும் புதியது வரும். 'பானிக்=30' இருக்கட்டும், அதனால் நட்டமில்லை. பிங் ஸ்கிரிப்டை எடு. இனிமேல் கேர்னல் வந்தால் அந்தக் கிழமையே பகலில் ஒரு ரீபூட் அடி.

---

மல்லாவி_நிலையம்:

செய்தாயிற்று அண்ணை. 5.15 இல்தான் ஓடுகிறது. யுபிஎஸ்சில் இன்னொரு பிளக் இடம் இருந்தது, ரவுட்டரையும் அதில் கொழுவிவிட்டேன்.

22.04க்குப் பரீட்சை முடியத்தான் போவேன். அக்கா, அப்போது மூடிலை முதலில் ஏற்றுவதா, உபுண்டுவை முதலில் ஏற்றுவதா?

---

அறிவியல்நகர்_அக்கா:

மூடிலை முதலில். 4.1 பதிப்பு பிஎச்பி 7.4 இலும் ஓடும், 8.1 இலும் ஓடும். ஆனால் அதற்கு மரியாடிபி 10.4 ஆவது வேண்டும், 20.04 இன் பொதி 10.3தான். ஆகவே 20.04 இல் இருக்கும்போதே முதலில் மரியாடிபியை ஏற்றிவிட்டு, மூடிலை 4.1க்கு ஏற்றி, ஒரு கிழமை பிள்ளைகளைப் பாவிக்க விடுங்கள். அதற்குப் பிறகு உபுண்டு. ரூட் எல்விஎம்மில் இருப்பதால், தொகுதியில் மிச்ச இடம் இருந்தால் தொடங்குவதற்கு முன் ஸ்னப்ஷொட் ஒன்று எடுங்கள். பூட் தனிப் பகிர்வு என்பதால் அது ஸ்னப்ஷொட்டில் வராது, அதைத் தனியாகப் பிரதி எடுக்க வேண்டும். 24.04க்கு நேராகப் பாய முடியாது, 22.04 வழியாகத்தான் போக வேண்டும். அந்த வேலைக்குப் புது இழை தொடங்குங்கள், இது கேர்னலோடு நிற்கட்டும்.